சிவப்பு மைக்கு லீவு

பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுத்தருவது எப்படி என்று ஆசிரியர்களுக்கு நடக்கும் பயிற்சிகளைப் பற்றிப் போன இதழில் நான்கு வரி எழுதினேன். வந்து குவிந்த கடிதங்களில் முக்கால்வாசி ஆசிரியர்களுடையவை. எனவே சினிமாக் கேள்விகளும் சமையல் கேள்விகளும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

ஓர் ஆசிரியை, மன்னார்குடி: எழுத்துத்திறன் மேம்பாடு என்று மூன்று நாள் பணியிடைப் பயிற்சி. காலை முதல் மாலை வரை கருத்தாளர்கள் பேசினார்கள், நாங்கள் கேட்டோம். ஊர் திரும்பி வகுப்புக்குள் நுழைந்தால் கை வெறுமையாக இருக்கிறது. குறை என் மேலா?

இல்லை. அந்த மூன்று நாளில் பேனாவை எத்தனை முறை திறந்தீர்கள்? வருகைப் பதிவேட்டில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. எழுத்துப் பயிற்சியில் உங்கள் மொத்த எழுத்து ஆறு கையெழுத்து! பரோட்டா வீசுவதைத் திரையில் மூன்று நாள் பார்த்தாலும் நம் கையில் மாவு சுற்றாது.

கருத்தாளரையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர் மேலே ஒரு பயிற்சியில் கேட்டதை உங்களுக்குச் சொன்னார். அவருக்குச் சொன்னவர் அதற்கும் மேலே கேட்டார். மாநிலம், மாவட்டம், வட்டார வள மையம், குறுவள மையம் என்று படிப்படியாக இறங்கும்போது தகவல் இறங்கும், பழக்கம் இறங்காது. எழுதுவது பழக்கம்.

ஒரு வாசகர், சேலம்: ஆசிரியர்களையே உட்காரவைத்து எழுதச் சொல்லும் பயிற்சி எங்காவது உண்டா?

உண்டு, ஐம்பது வருடத்துக்கு மேலாக. 1974 கோடையில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிரே என்பவர் 25 ஆசிரியர்களைக் கூப்பிட்டார். கிரேயும் பள்ளியில் ஆங்கிலம் நடத்தியவர்தான். கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கு எழுத வரவில்லை என்று அங்கே பெரிய புகார் எழுந்திருந்த காலம். பேராசிரியர்களை மேடையேற்றி ஆசிரியர்களுக்குப் புத்தி சொல்லவைப்பதுதான் வழக்கம். கிரே அதைச் செய்யவில்லை. வகுப்பில் நன்றாக எழுதக் கற்றுத்தரும் ஆசிரியர் இருக்கிறார் அல்லவா, அவரே மற்ற ஆசிரியர்களுக்குக் காட்டட்டும் என்றார். வந்தவர்கள் எல்லாரும் எழுத வேண்டும், எழுதியதைச் சிறு குழுவில் வாசிக்க வேண்டும் என்றார். வாரக்கணக்கில் நடந்தது. ஒருவர் தன் வகுப்பில் பலித்த பாடத்தை நடத்திக் காட்டுவார், மற்றவர்கள் மாணவர்களாக உட்கார்ந்து அதைச் செய்து பார்ப்பார்கள்.

அது பின்னால் தேசிய எழுத்துத் திட்டமாக வளர்ந்து அமெரிக்கா முழுக்கப் பல்கலைக்கழகங்களில் கிளை விட்டது. 1991இல் மத்திய அரசின் நேரடிப் பணம் வந்தது. 2011இல் அது நின்றது. திட்டம் நிற்கவில்லை. பயிற்சியை எடுத்து நடத்தியவர்கள் ஆசிரியர்கள், அதனால் அது அவர்கள் வீட்டுச் சொத்தாகியிருந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஒரு பட்டதாரி ஆசிரியர், விருத்தாசலம்: 22 வருடமாகக் கட்டுரை நடத்துகிறேன். என்னை எழுதச் சொன்னால் கை நடுங்குகிறது. வெளியே சொல்ல வெட்கம். என்ன செய்யலாம்?

முதலில் கையைக் கொடுங்கள். உண்மையைச் சொன்ன கை அது.

நான் நடத்திய ஒரு பயிற்சியில் 38 பேர். ‘உங்கள் வீட்டில் முன்பு இருந்து இப்போது இல்லாத ஒரு பொருள். பத்து நிமிடம், பேனாவை நிறுத்தாமல் எழுதுங்கள், பிழை பார்க்க வேண்டாம்’ என்றேன். நிறுத்தாமல் எழுதும் இந்தப் பயிற்சியைப் பரப்பியவர் பீட்டர் எல்போ, 1973இல் வந்த தன் புத்தகத்தில். கடைசி வரிசையில் ஒரு தலைமையாசிரியர், ஓய்வு பெற நான்கு வருடம் இருக்கிறது, காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மூன்றாவது நிமிடம் அவர் பேனா நகர்ந்தது.

அவர் எழுதியது அரிக்கேன் விளக்கைப் பற்றி. சாயங்காலம் ஆறு மணிக்குச் சிம்னிக் கண்ணாடியைத் துடைப்பது அவர் வேலை. சாம்பல் தொட்டு, பழைய செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைக்க வேண்டும். வீட்டில் அவர் கை மட்டும்தான் அந்தக் கண்ணாடிக்குள் நுழையும். ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது ஒருநாள் கை உள்ளே போகவில்லை. அன்றிலிருந்து அந்த வேலை தங்கைக்குப் போய்விட்டது. இவ்வளவுதான், பதினோரு வரி.

பக்கத்தில் இருந்த ஆசிரியை கேட்டார்: “வேலை போனதுல உங்களுக்குச் சந்தோஷமா சார், வருத்தமா?” அவர் பதில் சொல்லவில்லை. காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். தேநீர் வந்தது, ஆறியது.

அவரை எழுதவைத்தது என் பேச்சு இல்லை. பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்ததும், எழுதியதன் மேல் உண்மையான ஆவலோடு ஒருவர் ஒரு கேள்வி கேட்டதும்தான். 22 வருடத்தில் உங்களுக்கு இந்த இரண்டையும் யாரும் தரவில்லை. கை நடுங்குவதில் என்ன ஆச்சரியம்? நாளைக்கு வகுப்பில் பிள்ளைகளுக்குத் தலைப்புக் கொடுத்ததும் நீங்களும் உட்கார்ந்து எழுதுங்கள். அடித்து அடித்து எழுதுங்கள். அந்த அடித்தல்களை அவர்கள் பார்க்கட்டும். ஆசிரியர் அடித்துத் திருத்துவதை நம் பிள்ளைகள் பார்த்ததே இல்லை.

ஒரு வாசகி, காரைக்குடி: பயிற்சி எத்தனை நாள் இருந்தால் நல்லது?

2020 தேசியக் கல்விக் கொள்கை ஓர் ஆசிரியருக்கு வருடத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் என்கிறது. அதை ஒரே மூச்சில் ஊட்டாதீர்கள். மாதம் ஒரு நாள் போதும். நடுவில் நான்கு வாரம் வகுப்பில் செய்து பார்க்க வேண்டும், அடுத்த முறை பிள்ளைகளின் நோட்டோடு வர வேண்டும். நோட்டு இல்லாமல் வருபவருக்கு அடுத்த பாடம் பிடிபடாது.

ஒரு தமிழாசிரியர், கோவில்பட்டி: ஒரு கட்டுரையில் முப்பது பிழை. சுழிக்காமல் விட்டால் மனசாட்சி குத்துகிறது. சுழித்தால் பக்கமே ரத்தக் களரியாகிறது.

இந்தக் கேள்விக்கு என் பாவம் ஒன்றைச் சொல்லித்தான் பதில் சொல்ல முடியும்.

ஏழாம் வகுப்பில் ஒரு பெண். ஜூன் மாதம் கட்டுரை நோட்டில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். நான் விடாமல் சுழித்தேன், ஒவ்வொன்றையும் ஐந்து முறை எழுதிவரச் சொன்னேன். ஆகஸ்டில் முக்கால் பக்கம் எழுதினாள். தீபாவளிக்குப் பிறகு ஆறு வரி. பிழை ஒன்றுகூட இல்லை. நான் ‘மிக நன்று’ போட்டேன்! சந்தைக்குப் போனதைப் பற்றிய கட்டுரை அது. “அம்மா என்ன வாங்கிக் கொடுத்தாங்க?” என்று சும்மா கேட்டேன். “வாழைப்பழம்.” நோட்டில் கொய்யா என்று இருந்தது. ஏன் என்றேன். “கொய்யான்னா தப்பு வராதும்மா.”

அந்தப் பிள்ளைக்கு நான் தமிழ் கற்றுக்கொடுக்கவில்லை. ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். எந்த எழுத்தில் சந்தேகமோ அந்தச் சொல்லையே விட்டுவிட அவள் பழகியிருந்தாள். குறைவாக எழுதினால் பிழை குறையும். எழுதாமலே இருந்தால் பிழையே இல்லை. இன்றைக்கும் சந்தையில் கொய்யாக் கூடையைப் பார்த்தால் அவள் முகம்தான் வருகிறது.

பிழையை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பிழையைப் படியுங்கள் என்கிறேன். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் நகரத்துப் பள்ளி முடித்த எல்லாருக்கும் கதவைத் திறந்தபோது, அதுவரை கல்லூரிப் பக்கமே வராத வீட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்கள் எழுத்தைப் பார்த்துப் பலர் கைவிரித்தார்கள். மினா ஷாக்னெஸி என்ற ஆசிரியை மட்டும் அப்படிப்பட்ட சுமார் 4,000 கட்டுரைகளை எடுத்து வைத்துப் படித்து, 1977இல் ஒரு புத்தகம் எழுதினார். பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது, பிழை செய்பவன் ஏதோ ஒரு விதியைப் பின்பற்றித்தான் செய்கிறான் என்று காட்டினார்.

நம் பிள்ளைகளின் நோட்டில் பாருங்கள். வெளக்கு, நெலம், எலை, ஒலகம், ஒடம்பு, கொடம், பொடவை. ஏழு பிழை, ஏழு சுழி, முப்பத்தைந்து இம்போசிஷன். உற்றுப் பாருங்கள்: இகரம் எகரமாகியிருக்கிறது, உகரம் ஒகரமாகியிருக்கிறது, அடுத்த எழுத்தில் அகரமோ ஐகாரமோ இருக்கும் இடத்தில் மட்டும். பேச்சுத்தமிழ் முழுக்க ஓடும் விதி அது. பிள்ளை காதால் சரியாகக் கேட்டு, கேட்டபடி எழுதியிருக்கிறான். ஏழு பிழை இல்லை, ஒரே ஒரு பாடம். பத்து நிமிடத்தில் கரும்பலகையில் நடத்திவிடலாம், வகுப்பு முழுக்கப் பயன்படும். ஒரு கட்டுரைக்கு ஒரு வகைப் பிழை, அவ்வளவுதான். மற்றதுக்கு அடுத்த மாதம் இருக்கிறது. அதுவரை சிவப்பு மைக்கு லீவு கொடுங்கள். முதல் வாசிப்புக்குப் பென்சில் போதும்.

ஒரு வாசகர், ஆம்பூர்: இலக்கணத்தை முதலில் முடித்துவிட்டு எழுதச் சொல்வதுதானே முறை?

நடக்கக் கற்ற பிறகு கீழே இறக்கிவிடலாம் என்று யாரும் குழந்தையை இடுப்பிலேயே வைத்திருப்பதில்லை. 2007இல் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரையிலான பிள்ளைகளின் எழுத்து பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். இலக்கணத்தைத் தனியே பிரித்து நடத்தியதால் எழுத்து மேம்படவில்லை. திட்டமிடவும் திருத்தவும் வழி சொல்லிக் கொடுத்தது, படித்ததைச் சுருக்கி எழுதவைத்தது, இரண்டு மூன்று சிறு வாக்கியங்களை ஒன்றாக்கிப் பழக்கியது இவையெல்லாம் மேம்படுத்தின.

இந்த வாக்கியம் சேர்க்கும் வித்தைக்குத் தமிழைப் போல வசதியான மொழி கிடைக்காது. ‘தாத்தா வந்தார். அப்புறம் செருப்பைக் கழற்றினார். அப்புறம் தண்ணீர் கேட்டார்.’ இதைப் பிள்ளையிடம் கொடுத்து ‘அப்புறம்’ எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ‘வந்து, செருப்பைக் கழற்றித் தண்ணீர் கேட்டார்’ என்று தானே வரும். பிறகு ‘செருப்பைக் கழற்றிய தாத்தா’ என்று திருப்பிப் போடச் சொல்லுங்கள். வினையெச்சம், பெயரெச்சம் என்ற பெயர்களை அதற்குப் பிறகு சொல்லுங்கள். கையில் இருக்கும் பொருளுக்குப் பெயர் சொன்னால் மறக்காது.

ஒரு தமிழாசிரியை, தேனி: பேச்சு வழக்கிலேயே எழுதுகிறார்கள். அனுமதித்தால் எழுத்துத்தமிழ் போய்விடாதா?

போகாது. முதல் படியில் வாய் எழுதட்டும், இரண்டாம் படியில் பள்ளிக்கூடம் எழுதட்டும். ஆனால் எது உரையாடல் என்று பிள்ளைக்குக் காட்டிவிடுங்கள். பாட்டி பேசினால் பாட்டி பேச்சு, கதை சொல்பவர் பேசினால் எழுத்துத்தமிழ். இந்த எல்லைக்கோடு தெரிந்த பிள்ளைக்கு இரண்டு தமிழும் கைவசம். கரிசல் பேச்சைக் கதைக்குள் கொண்டுவந்த கி. ராஜநாராயணனுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கொடுத்தார்கள். வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தவரும் அவரே. உங்கள் வகுப்பிலும் அந்தச் சொற்கள் தினமும் பேசப்படுகின்றன. ஒரு நோட்டுப் போட்டுப் பிள்ளைகளையே தொகுக்கச் சொல்லுங்களேன்.

ஓர் ஆசிரியர், அரியலூர்: நாலு பிரிவு, பிரிவுக்கு நாற்பது பேர். பயிற்சியில் சொல்வதெல்லாம் பத்துப் பிள்ளை இருக்கும் பள்ளிக்குத்தான் சரி.

உங்கள் கணக்கு சரி. 160 நோட்டு, நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றாலும் எட்டு மணி நேரம். பயிற்சி நடத்துகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் பலகையில் எழுதிவிட்டுத்தான் வாய் திறக்க வேண்டும். எழுதாதவர் சொல்லும் யோசனை எதையும் ஏற்காதீர்கள்.

எல்லா நோட்டையும் நீங்களே பார்க்க வேண்டாம். பிள்ளைகள் ஜோடி மாற்றி வாசிக்கட்டும். ஜோடிக்கு இரண்டே வேலை: பிடித்த ஒரு வரிக்குக் கீழே கோடு, தெரிந்துகொள்ள ஆசைப்படும் ஒரு கேள்வி. நீங்கள் வகுப்புக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து நோட்டு, அந்தப் பிள்ளை பக்கத்திலேயே இருக்கும்போது. எட்டு நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

பத்துக்கு ஆறு, பத்துக்கு ஏழு என்று போடுவதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988இல் செய்த ஆய்வில், கருத்து மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் போட்டுக் கருத்தும் எழுதினால் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எண்ணைப் பார்த்ததும் பிள்ளை நோட்டை மூடிவிடுகிறது. நாமும் சம்பளச் சீட்டில் கடைசித் தொகையைத்தானே முதலில் பார்க்கிறோம்?

ஒரு தலைமையாசிரியர், திருத்தணி: முன்னுரை, பொருளுரை, முடிவுரை, உள்தலைப்பு. பொதுத்தேர்வில் இதற்குத்தான் மதிப்பெண். சொந்த அனுபவத்தை எழுதினால் யார் போடுவார்?

உங்கள் கவலை நியாயமானது, தேர்வில் தோற்றால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். சட்டகத்தை ஜனவரியில் நான்கு வாரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். சொந்தமாக ஒரு பக்கம் எழுதத் தெரிந்த பிள்ளை அதற்குள் உள்தலைப்புகளைப் போட்டுக்கொள்ளும். உள்தலைப்புகளை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளையிடம் தலைப்பைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் பேனா நின்றுவிடும். விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்களைக் கேளுங்கள். ஒரே முன்னுரையை நூறு முறை படித்த பிறகு, தன் ஊர்க் கிணற்றைப் பற்றி எழுதிய தாள் ஒன்று வந்தால் பேனா தானே தாராளமாகும்.

ஓர் அறிவியல் ஆசிரியை, ஈரோடு: கட்டுரை தமிழய்யா வேலை. என்னை ஏன் எழுத்துப் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள்?

உங்கள் செய்முறை நோட்டைப் பார்த்துத்தான். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு, நாற்பது நோட்டிலும் ஒரே வாசகம். சில சமயம் சோதனை நடப்பதற்கு முந்தின நாளே முடிவு எழுதப்பட்டிருக்கும். மஞ்சள் தடவிய காகிதத்தில் சோப்புத் தண்ணீர் விட்டுச் சிவப்பாவதைக் காட்டுங்கள். ‘சிவப்பானது’ என்று எழுதாமல், முதலில் எங்கே மாறியது, ஓரத்திலா நடுவிலா, எவ்வளவு நேரம் ஆனது, காய்ந்த பிறகு என்ன நிறம் என்று எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டும் என்று தெரிந்த பிள்ளை மறுபடி போய்ப் பார்க்கும். அந்த மறுபடி பார்ப்பதுதான் உங்கள் பாடம்.

ஒரு பெற்றோர், தாம்பரம்: கைபேசியைக் கேட்டால் அதுவே கட்டுரை எழுதித் தருகிறதே?

நோட்ஸ் புத்தகம் முன்பே தந்தது, இது வேகமாகத் தருகிறது. எழுதுவதை வீட்டுப்பாடமாக்காமல் வகுப்புக்குள் கொண்டுவந்தால் போதும்.

ஓர் இடைநிலை ஆசிரியை, பென்னாகரம்: ஒன்றாம் வகுப்புக்கு ‘எழுத்து’ என்றால் அ, ஆ தானே? சொந்தமாக எழுதுவது அப்புறம் வரட்டுமே?

1963இல் ‘ஆசிரியர்’ என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதிய சில்வியா ஆஷ்டன்-வார்னர், நியூசிலாந்தின் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்தவர். காலையில் ஒவ்வொரு குழந்தையையும் பக்கத்தில் அழைத்து, இன்றைக்கு உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்பார். குழந்தை சொல்வதைப் பெரிய அட்டையில் எழுதிக் கையில் கொடுப்பார். பயம், பாசம், வீடு எது வருகிறதோ அது. அந்தச் சொற்கள் குழந்தைக்கு ஒரே பார்வையில் பதிந்தன.

நம் ஊரில் 2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. பாட்டு, கதை, விளையாட்டு என்று வகுப்பறைகளில் கலகலப்பு கூடியது எனக்கு மகிழ்ச்சி. அதோடு இந்த அட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். படகு, பந்து, பட்டம் எல்லாம் நல்ல சொற்கள்தான். ஆனால் உங்கள் ஊர்க் குழந்தை கேட்கும் முதல் சொல் ‘பெங்களூரு’வாகக்கூட இருக்கலாம், வேலைக்குப் போன அப்பா அங்கேதான் இருக்கிறார் என்பதால். அவ்வளவு நீளமான சொல்லா என்று தயங்காமல் எழுதிக் கொடுங்கள். அது படித்துவிடும்.

ஓர் ஆசிரியர் பயிற்றுநர், வட்டார வள மையம்: வருகிற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நாற்பது ஆசிரியர்கள், ஒரே நாள், எழுத்துப் பயிற்சி. எனக்கு இதுதான் முதல் முறை. எப்படி ஆரம்பிப்பது?

இன்றைக்கே ஆரம்பியுங்கள். ஒவ்வொருவரும் தங்கள் வகுப்பிலிருந்து மூன்று நோட்டு கொண்டுவர வேண்டும் என்று தகவல் அனுப்புங்கள். நன்றாக எழுதும் பிள்ளையுடையது ஒன்று, நடுவில் இருப்பது ஒன்று, எழுதவே எழுதாத பிள்ளையுடையது ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலை வரவேற்புரை ஐந்து நிமிடத்தைத் தாண்ட விடாதீர்கள். நாற்காலிகளை நான்கு நான்காகத் திருப்பிப் போடுங்கள். ப்ரொஜெக்டர் வேண்டாம். முதல் பத்து நிமிடம் எல்லாரும் எழுத வேண்டும். நீங்களும் எழுத வேண்டும், முதலில் வாசிப்பவரும் நீங்களாகவே இருக்க வேண்டும். குரல் நடுங்கினால் நடுங்கட்டும், அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் காகிதத்தைக் கையில் எடுப்பார்கள். நான்கு பேரும் வாசித்து, கேள்வி கேட்டு, அதே எழுத்தை இன்னொரு முறை எழுதி முடிக்கும்போது சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு நோட்டுகள். எல்லாருக்கும் நல்ல நோட்டைக் காட்ட ஆசையாக இருக்கும். அது பையிலேயே இருக்கட்டும். மூன்றாவதை எடுக்கச் சொல்லுங்கள். அதில் இரண்டே வரி இருந்தாலும் நான்கு பேரும் சேர்ந்து படித்து, இந்தப் பிள்ளை என்ன சொல்ல வருகிறது, நாளைக் காலையில் இதனிடம் கேட்க வேண்டிய ஒரே ஒரு கேள்வி எது என்று முடிவு செய்து, அதைப் பென்சிலால் நோட்டின் ஓரத்தில் எழுத வேண்டும். நாற்பது நோட்டில் நாற்பது கேள்வி. அடுத்த நாள் பிள்ளை என்ன பதில் எழுதியது என்று வாரக் கடைசிக்குள் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக் குழுவுக்கு அனுப்பட்டும்.

எந்த மையம், எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதுங்கள். நானும் வருகிறேன், என் நோட்டோடு. கடைசி வரிசையில் ஓர் இடம் போடுங்கள்.